தோன்றா எழுவாய்

1

கன்ஸர்வேடிவ் என்பதைத் தமிழில் பழமைவாதி என்று எழுதுகிறோம். எழுதிய உடனேயே தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. அதற்குமேல் அந்த மனிதன் என்ன சொன்னான் என்று கேட்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கன்ஸர்வேடிவ் என்றால் இன்னும் சௌகரியம். யுத்தத்துக்குக் கொடி பிடிப்பவன், வரியை வெறுப்பவன், ஏழையைப் பார்த்து ‘உன் பாடு உன்னோடு’ என்பவன். 1980-களுக்குப் பிறகு அந்தப் பெயரில் ஆட்சிக்கு வந்தவர்களை வைத்துப் பார்த்தால் இந்தச் சித்திரம் பெரிய தப்பும் அல்ல.

ஆனால் இந்தச் சித்திரத்துக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. சர்க்கார் செய்யும் காரியங்களில் மிகப் பெரியது யுத்தம். மிகுந்த செலவு பிடிப்பதும் அதுதான். சர்க்கார் சிறியதாக இருக்க வேண்டும், வரி குறைவாக இருக்க வேண்டும், அவனவன் காரியத்துக்கு அவனவனே பொறுப்பு என்று சொல்கிறவன் யுத்தத்தை மட்டும் எப்படி விதிவிலக்காக வைக்க முடியும்? வைக்க முடியாது என்று சொன்ன கன்ஸர்வேடிவ்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு யுத்தம், வரி, தனிமனிதப் பொறுப்பு என்ற மூன்றும் மூன்று கொள்கைகள் அல்ல. ஒரே கேள்வியின் மூன்று பக்கங்கள். அந்தக் கேள்வி: இதைச் செய்தது யார்?

நம் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, விகுதி காட்டிவிடும். எழுவாய் மறைந்திருக்கிறதே தவிர இல்லாமல் போய்விடவில்லை. ‘யுத்தம் தொடங்கப்பட்டது’, ‘வரி பிடிக்கப்பட்டது’ என்ற வாக்கியங்கள் அப்படிப்பட்டவை அல்ல. இவற்றில் செய்தவனை எங்கே தேடினாலும் அகப்படமாட்டான். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கா ஒரு குடியரசிலிருந்து உலக வல்லரசாக மாறிய வரலாற்றை, முதல் வகை வாக்கியம் இரண்டாம் வகை வாக்கியமாக மாறிய வரலாறாகவும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மாற்றத்தை எதிர்த்தவர்களில் சிலரைப் பற்றியே இங்கு பேச்சு. அவர்கள் எல்லோரும் தோற்றவர்கள்.

2

1899 ஜனவரி 16-ந் தேதி யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரஹாம் ஸம்னர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பே ஒரு குத்தல்: ஸ்பெயின் அமெரிக்காவை வென்றது. முந்தின வருஷம் நடந்தது இதற்கு நேர்மாறு. அமெரிக்கா ஸ்பெயினைச் சில மாதங்களில் தோற்கடித்திருந்தது. 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளை எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் செனட்டின் முன் இருந்தது. நாடு முழுக்கக் கொண்டாட்டம். ஸம்னரின் வாதம் எளியது. ஸ்பெயினின் கப்பல்களை நாம் வென்றோம்; ஸ்பெயினின் எண்ணங்கள் நம்மை வென்றுவிட்டன. தூர தேசத்து மக்களை அவர்கள் சம்மதமில்லாமல் ஆளலாம், அது அவர்கள் நன்மைக்கே என்ற எண்ணம் ஸ்பெயினுடையது. அதை ஏற்றுக்கொண்டால் பெரிய ராணுவம், கடன், வரி, ஆடம்பரம், ஊழல் எல்லாம் அதன் பின்னாலேயே வந்து சேரும். அப்போது மிஞ்சுவது குடியரசு அல்ல.

ஸம்னர் இடதுசாரி அல்ல. அவரைவிட வறட்டுத்தனமான தனிமனிதவாதியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 1883-ல் அவர் ‘மறக்கப்பட்ட மனிதன்’ என்று ஒருவனைப் பற்றிப் பேசினார். இரண்டு பேர் கூடி, மூன்றாமவனின் கஷ்டத்தைத் தீர்க்க நாலாமவன் என்ன தர வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். கூட்டத்துக்கு அழைக்கப்படாதவன், பெயர் சொல்லப்படாதவன், பணம் கொடுப்பவன் அந்த நாலாமவன். இந்த வாதத்தை ஏழைகளுக்கு எதிராகப் பிரயோகித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 1899-ல் ஸம்னர் அதே வாதத்தை யுத்தத்தின் பக்கம் திருப்பினார் என்பதுதான் அவரைப் படிக்கத் தகுந்தவராக்குகிறது. தீவுகளைப் பிடிப்பதில் பெருமை ஒருவனுக்கு, லாபம் இன்னொருவனுக்கு; செலவு மறக்கப்பட்ட மனிதனுக்கு.

செலவு எப்படி நிலைத்துவிடும் என்பதற்கு அந்த யுத்தமே ஒரு சிறு உதாரணம் தந்தது. 1898-ல் யுத்தச் செலவுக்காக டெலிபோன் அழைப்புக்கு ஒரு வரி போட்டார்கள். 1902-ல் எடுத்தார்கள். முதல் உலக யுத்தத்தின்போது மறுபடி வந்தது. இடையில் போவதும் வருவதுமாக இருந்து, வியட்நாமுக்காக 1966-ல் உயர்த்தப்பட்டது. தொலைதூர அழைப்பின் மேலிருந்த வரியை 2006-ல்தான் விட்டார்கள். ஸ்பெயின் யுத்தம் சில மாதங்களில் முடிந்தது. அதன் ரசீது நூறு வருஷத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது.

ஸம்னரிடம் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அவர் சொற்பொழிவு முடிந்து மூன்று வாரங்களுக்குள் பிலிப்பைன்ஸ் மக்களுடனேயே யுத்தம் தொடங்கியது. அதில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 4,000-க்கு மேல். பஞ்சத்திலும் நோயிலுமாக மடிந்த பிலிப்பைன்ஸ் குடிமக்கள் 2 லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. ஸம்னரின் மறக்கப்பட்ட மனிதன் கனெக்டிகட்டில் வரி கட்டுகிறவன். தன் வயலில் செத்தவனை அந்தக் கணக்குப் புஸ்தகத்தில் எழுத இடமில்லை. இந்த மரபு முழுவதிலும் இந்த ஓட்டை தொடர்ந்து வருகிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

3

யுத்தம் யாருடையது என்ற கேள்வி மங்கிப்போனதில் வரி வசூலிக்கும் முறைக்கு உள்ள பங்கைச் சரித்திரப் புஸ்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை. இது கணக்கர்களின் விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது.

1846 ஜூலையில் ஹென்றி தோரோ தலைவரி கட்ட மறுத்து கான்கார்ட் சிறையில் ஓர் இரவு இருந்தது எல்லோருக்கும் தெரியும். மெக்ஸிகோ யுத்தமும் அடிமை முறையும் அவர் சொன்ன காரணங்கள். நாம் கவனிக்காமல் விடுவது அவரைப் பிடித்துப்போன ஆளை. அவர் பெயர் சாம் ஸ்டேப்பிள்ஸ். ஊர்க்காரர், தெரிந்தவர். வேண்டுமானால் நானே உங்களுக்காகக் கட்டிவிடுகிறேன் என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். அந்த வரிக்கு ஒரு முகம் இருந்தது. கொடுக்கும் கை, வாங்கும் கை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அதனால்தான் மறுப்பது என்ற செயலே சாத்தியமாயிற்று.

1913-ல் அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம் வருமான வரிக்கு வழி திறந்தது. முதலில் அது பணக்காரர்களின் வரி. உச்ச விகிதமே 7 சதவீதம்தான். முதல் உலக யுத்தம் அதை 77 சதவீதத்துக்கு ஏற்றியது. 1920-களில் 25-க்கு இறங்கியது. இரண்டாம் யுத்தத்தில் 94. ஆனால் விகிதத்தைவிட முக்கியமான மாறுதல் எண்ணிக்கையில் நேர்ந்தது. 1939-ல் வருமான வரி கட்டியவர்கள் சுமார் 40 லட்சம் பேர். 1945-ல் 4 கோடிக்கு மேல். வர்க்கத்தின் வரி ஜனங்களின் வரியாயிற்று. வரி கட்டுவது தேசபக்தி என்று ஜனங்களுக்குச் சொல்ல நிதி இலாகா வால்ட் டிஸ்னியிடம் படம் எடுக்கச் சொன்னது. டொனால்ட் டக் என்ற வாத்து வருமான வரிப் படிவத்தை உற்சாகமாகப் பூர்த்தி செய்தது.

ஆனாலும் 4 கோடிப் பேர் மார்ச் 15-ந் தேதிக்கு மொத்தப் பணத்தையோ தவணையையோ எண்ணி வைப்பார்களா? வைக்கமாட்டார்கள் என்று சர்க்காருக்குத் தெரியும். 1943 ஜூன் 9-ந் தேதி ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. ஜூலை 1 முதல் முதலாளியே சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பான். யோசனையைப் பிரபலப்படுத்தியவர் மேஸீஸ் கடையின் பொருளாளர் பியர்ட்ஸ்லி ரம்ல். ஜனங்களுக்கு இது கசக்காமலிருக்க ஒரு வருஷத்து வரியில் முக்கால் பங்கைத் தள்ளுபடி செய்தார்கள். நிதி இலாகாவில் இந்தத் திட்டத்துக்கு வேலை செய்த இளம் பொருளாதாரக்காரர்களில் ஒருவர் மில்டன் ஃப்ரீட்மன். பிற்காலத்தில் சிறிய சர்க்காருக்காக உலகமெங்கும் வாதாடிய அதே ஃப்ரீட்மன்தான். யுத்தகாலத்தில் அது தேவைப்பட்டது என்றும், அது இல்லாதிருந்தால் சர்க்கார் இவ்வளவு பெருத்திருக்காது என்றும் வயதான காலத்தில் அவர் இரண்டையும் சொன்னார்.

யுத்தம் 1945-ல் முடிந்தது. பிடித்தம் முடியவில்லை. பிடித்தம் என்ற சொல்லை நாமும் சம்பளச் சீட்டில் தினம் பார்ப்பதால் அதன் விசித்திரம் நமக்கு உறைப்பதில்லை. கையில் வராத பணத்தைக் கொடுத்தோம் என்று யாரும் உணர்வதில்லை. வருஷக் கடைசியில் கொஞ்சம் திரும்பி வந்தால் சர்க்கார் ஏதோ தானம் செய்ததுபோல் சந்தோஷப்படுகிறோம். இம்முறையில் வசூல் ஒழுங்காக நடக்கிறது, ஏமாற்று குறைகிறது, ஏழைக்கு மொத்தமாகக் கட்டும் பாரம் இல்லை. எல்லாம் நிஜம். ஆனால் ‘நான் கொடுத்தேன்’ என்ற வாக்கியம் அன்றோடு போயிற்று. கொடுத்தவனே இல்லாத பணத்துக்குக் கணக்குக் கேட்பவன் யார்?

4

கேட்டவர்களில் முக்கியமானவர் ராபர்ட் டாஃப்ட். ஜனாதிபதியாக இருந்த வில்லியம் ஹோவர்ட் டாஃப்டின் மகன். 1938-ல் ஒஹையோவிலிருந்து செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். வறண்ட பேச்சு, வசீகரமில்லாத முகம். 1940, 1948, 1952 என்று மூன்று முறை தம் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று மூன்று முறையும் தோற்றார்.

1940-ல் சமாதான காலத்தில் கட்டாய ராணுவ சேவை கொண்டுவந்தபோது எதிர்த்தார். 1941-ல் பிரிட்டனுக்கு ஆயுதங்களை இரவலாகத் தரும் சட்டம் வந்தபோது, ஆயுதத்தை இரவல் தருவது சூயிங் கம்மை இரவல் தருவதுபோல, திருப்பி வாங்க மனம் வராது என்றார். ஹாஸ்யம் என்று நினைத்தார்கள். கடன், இரவல், உதவி என்ற சொற்களுக்குப் பின்னால் யுத்தத்தில் இறங்குகிறோம் என்ற தீர்மானம் ஒளிந்திருக்கிறது, அதை நேராகச் சொல்லுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.

1942 மார்ச்சில் ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர்களை மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றுவதற்குப் பக்கபலமான சட்டம் செனட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 1,20,000 பேரை முள்வேலிக்குள் கொண்டுபோனது அந்த நடவடிக்கை. சட்டத்தின் வாசகம் இவ்வளவு அலட்சியமாக எழுதப்பட்டதைத் தாம் பார்த்ததில்லை என்று எழுந்து சொன்ன ஒரே செனட்டர் டாஃப்ட். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், தடுக்கவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1946 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் செய்பவர்களை ராணுவத்தில் சேர்த்து வேலை வாங்க அதிகாரம் வேண்டும் என்று ஜனாதிபதி ட்ரூமன் கேட்டார். பிரதிநிதிகள் சபை அன்றைக்கே 306-க்கு 13 என்ற ஓட்டில் தந்துவிட்டது. செனட்டில் அவசரமாக நிறைவேற்ற விடாமல் நிறுத்தியவர் டாஃப்ட். அடுத்த வருஷம் தொழிற்சங்கங்களின் பலத்தைக் குறைத்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இவரே. தொழிலாளியின் நண்பரான ட்ரூமன் அவனுக்குச் சிப்பாய் உடுப்பு மாட்டப் பார்த்தார். தொழிலாளியின் எதிரி என்று பெயர் வாங்கியவர் தடுத்தார். அதே டாஃப்ட் 1949-ல் சர்க்கார் வீடு கட்டித் தரும் சட்டத்தை ஆதரித்தார் என்பதும் நம் சித்திரத்தில் அடங்காத விஷயம். தனிமனிதப் பொறுப்பு என்பது அவருக்கு ஏழையைத் தெருவில் விடுவது அல்ல.

அவர் செய்த மிகத் துணிச்சலான காரியம் 1946 அக்டோபர் 5-ந் தேதிப் பேச்சு. இடம் ஒஹையோவின் கென்யன் கல்லூரி. ஜான் க்ரோ ரான்ஸம் 1939-லிருந்து ‘கென்யன் ரெவ்யூ’ நடத்திவந்த அதே கல்லூரி. கவிதையைக் கவிஞனிடமிருந்து பிரித்துப் படிக்கக் கற்றுக்கொடுத்த விமர்சனத்தின் கோட்டை. அங்கே டாஃப்ட், நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களுக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை தவறு என்றார். செயல் நடந்த பிறகு சட்டம் செய்து தண்டிப்பது அமெரிக்க அரசியல் சட்டத்துக்கே விரோதம். வென்றவன் நீதிபதியாக உட்கார்ந்தால் அது பழிவாங்கல். தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது. நாலு பக்கத்திலிருந்தும் ஏசினார்கள். பத்து வருஷம் கழித்து ஜான் கென்னடி தம் புஸ்தகத்தில் இந்தப் பேச்சுக்காகவே டாஃப்டுக்கு ஓர் அத்தியாயம் கொடுத்தார்.

துணிச்சலைப் பாராட்டலாம். வாதத்தை முழுக்க ஏற்க முடியவில்லை. நியூரம்பர்க் எத்தனை குறைபட்டதாயினும், யுத்தத்தை ‘ஜெர்மனி’ செய்யவில்லை, இன்னின்ன மனிதர்கள் செய்தார்கள் என்று பெயர் சொன்ன இடம் அது. தேசம் என்ற திரைக்குப் பின்னாலிருந்து எழுவாயை இழுத்து வெளியே நிறுத்தியது. செய்தது யார் என்று வாழ்நாள் முழுவதும் கேட்ட மனிதர், பதில் சொல்ல முனைந்த ஒரு சபையை நிராகரித்தார். பொறுப்புக்கு முன்னால் சட்டம் இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. சட்டமே கொலைகாரன் கையில் இருந்த தேசத்தில் என்ன செய்வது? இதற்கு அவரிடம் பதில் இல்லை. இந்த மரபிலேயே பதில் இல்லை.

1949-ல் நேட்டோ ஒப்பந்தத்துக்கு எதிராக ஓட்டளித்த 13 பேரில் ஒருவர். 1950 ஜூனில் ட்ரூமன் கொரியாவுக்குப் படை அனுப்பினார். அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரஸைக் கேட்கவில்லை. இது ஐ.நா.வின் கீழ் ஒரு போலீஸ் நடவடிக்கை எனலாமா என்று ஒரு நிருபர் கேட்க, அதேதான் என்றார். டாஃப்ட் ஜூன் 28-ந் தேதி செனட்டில் பேசினார். தீர்மானம் கொண்டுவந்தால் நான் ஆதரித்தே ஓட்டுப் போடுவேன். ஆனால் கொண்டுவாருங்கள், ஜனாதிபதிக்குத் தனியாக இந்த அதிகாரம் கிடையாது. யுத்தம் வேண்டாம் என்பதல்ல வாதம். வேண்டும் என்றால் வேண்டும் என்று கை தூக்கியவன் பெயர் பதிவாக வேண்டும். தீர்மானம் வரவே இல்லை. ஏறத்தாழ 36,000 அமெரிக்கர்களும், இருபது லட்சத்துக்குக் குறையாத கொரியர்களும் ஒரு போலீஸ் நடவடிக்கையில் செத்தார்கள். 1942 ஜூனுக்குப் பிறகு அமெரிக்கா முறைப்படி யுத்தப் பிரகடனம் செய்ததே இல்லை. கொரியா, வியட்நாம், ஆஃப்கானிஸ்தான், இராக் எதற்கும் இல்லை.

டாஃப்டை மகானாக்கிவிடக்கூடாது. ஐரோப்பாவில் ஒரு சிப்பாயும் வேண்டாம் என்று தயங்கியவர், சீனாவுடன் மோதலை விரிக்கச் சொன்ன மெக்கார்தரை ஆதரித்தார். மெக்கார்த்தியின் மனித வேட்டைக்கு, கட்சிக்கு லாபம் என்பதால், ஊக்கம் தந்தார். தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்ற கொள்கை அந்த இடத்தில் எங்கே போயிற்று என்று கேட்காமலிருக்க முடியாது. 1941-ல் அவர் வழியில் போயிருந்தால் ஐரோப்பா என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் அவர் தலைமேல் நிற்கிறது.

1952-ல் ஐஸன்ஹோவர் அவரைத் தோற்கடித்தார். ராணுவச் செலவைக் குறைத்து வரவு செலவைச் சரிக்கட்ட வேண்டும் என்று புதிய ஜனாதிபதியுடன் டாஃப்ட் சண்டை பிடித்தார். கொரியாவில் 1953 ஜூலை 27-ல் போர் நின்றது. 31-ந் தேதி டாஃப்ட் புற்றுநோயில் இறந்தார். அவரைத் தோற்கடித்த தளபதி, 1961-ல் பதவியை விட்டுப் போகும்போது, ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்த கூட்டைக் குறித்து ஜனங்களை எச்சரித்துவிட்டுப் போனார்.

5

இதெல்லாம் அரசியல்வாதிகளின் சங்கதி என்று தள்ளிவிட முடியாதபடி இரண்டு எழுத்தாளர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

ஒருவர் ராபின்ஸன் ஜெஃபர்ஸ். கார்மல் கடற்கரையில் தன் கையாலேயே கல் சுமந்து கோபுரம் கட்டிக்கொண்டு வாழ்ந்த கவி. 1948-ல் அவருடைய ‘இரட்டைக் கோடரி’ தொகுப்பு வந்தது. யுத்தத்தையும் ரூஸ்வெல்டையும் அதில் கடுமையாகத் தாக்கியிருந்தார். ராண்டம் ஹவுஸ் சில கவிதைகளை நீக்கியது. நீக்கியது போக மீதிக்கும், ஆசிரியரின் அரசியலோடு எங்களுக்கு உடன்பாடில்லை என்று முன்னால் ஒரு குறிப்புப் போட்டது. நீக்கப்பட்டவை 1977-ல்தான் வெளிவந்தன. தணிக்கை செய்தது சர்க்கார் அல்ல, அவரது சொந்தப் பதிப்பகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்றவர் எட்மண்ட் வில்ஸன். ‘ஆக்ஸல்ஸ் காஸில்’ மூலம் ஜாய்ஸையும் ப்ரூஸ்டையும் எலியட்டையும் ஒரு தலைமுறைக்கு அறிமுகம் செய்த விமர்சகர். அவரை யாரும் கன்ஸர்வேடிவ் என்று அழைத்ததில்லை. ஒரு காலத்தில் மார்க்ஸ் பக்கம் நின்றவர். ஆனால் பழைய குடியரசின் வக்கீல் குடும்பத்தில் பிறந்தவர். வயதாக ஆக, டால்காட்வில்லில் இருந்த பூர்வீகக் கல்வீட்டுக்குப் போய்ப் போய் அந்தப் பழைய மனிதராகவே ஆகிவிட்டார்.

1946-லிருந்து 1955 வரை வில்ஸன் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லை. கொள்கை ஒன்றும் இல்லை. பணம் எப்போதும் முடை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். ஒரு வக்கீலிடம் போனபோது, வேறு தேசத்துப் பிரஜையாகிவிடுவது நல்லது என்று அவர் யோசனை சொன்னார். வட்டியும் அபராதமும் சேர்ந்து, தாங்க முடியாத தொகையாக நின்றது. அதிகாரிகள் அவர் வீட்டுச் செலவுகளைத் துருவித் துருவிக் கேட்டார்கள். அந்த அவமானத்தில்தான் அவர் முதல் முறையாக, இந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க உட்கார்ந்தார். விளைவு, 1963-ல் வந்த ‘பனிப்போரும் வருமான வரியும்’ என்ற சிறு புஸ்தகம்.

புஸ்தகம் வந்தபோது கேலிதான் அதிகம். வரி ஏய்த்தவன் யுத்தத்தைச் சாக்குச் சொல்கிறான். கேலியில் நியாயம் இருக்கிறது. வில்ஸனே தன் தவறை ஒளிக்கவில்லை. ஆனால் அதனால்தான் அந்தப் புஸ்தகத்துக்கு ஒரு விசேஷம் வருகிறது. பிடித்தம் இல்லாத மனிதர் அவர். எழுத்தாளருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. நாலு கோடிப் பேருக்கு மறைந்துபோன தொகை அவர் ஒருவருக்கு மொத்தமாக, ரொக்கமாக எதிரில் வந்து நின்றது. அணுகுண்டுக்கும் விஷவாயுவுக்கும் கிருமி ஆயுதத்துக்கும் நான் கொடுக்கிறேன் என்று அவரால் எழுத முடிந்தது. அவர் அந்த ஆயுதங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, விமர்சகனுக்குரிய பொறுமையோடு விவரிக்கிறார். வரி கட்டவேண்டிய அளவுக்குக் கீழே தன் வருமானத்தை வைத்துக்கொள்வேன் என்ற முடிவுக்கு வருகிறார். இந்த தேசம் இனி எனக்கான இடமல்ல என்கிறார்.

1968-ல் வியட்நாம் யுத்தத்துக்காக வரியை உயர்த்தும் யோசனை வந்தபோது, 400-க்கு மேற்பட்ட எழுத்தாளர்களும் பத்திரிகாசிரியர்களும் கட்டமாட்டோம் என்று விளம்பரத்தில் கையெழுத்திட்டார்கள். ஜேம்ஸ் பால்ட்வின், ஸுஸன் ஸான்டாக், தாமஸ் பிஞ்ச்சன் எல்லோரும் அதில் உண்டு. அது ஒரு இயக்கம்; சேர்ந்து நிற்பதில் கொஞ்சம் கதகதப்பு இருக்கிறது. வில்ஸன் ஐந்து வருஷம் முன்னால் தனியாக, குற்றவாளியாகவும் நின்று எழுதினார். கென்னடி அவருக்கு நாட்டின் உயர்ந்த பதக்கத்தைக் கொடுக்க முடிவு செய்தபோது வரி இலாகா ஆட்சேபித்தது, கென்னடி கேட்கவில்லை.

வில்ஸனிடமும் ஒரு முறிவு உண்டு. உள்நாட்டு யுத்த இலக்கியத்தைப் பற்றிய அவருடைய 1962-ம் வருஷத்துப் பெரிய நூலின் முன்னுரையில், தேசங்கள் ஒன்றையொன்று விழுங்கும் கடல் அட்டைகள் என்றார். லிங்கன், பிஸ்மார்க், லெனின் எல்லோரும் அந்தப் பசியின் கருவிகள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அட்டைக்குப் பொறுப்பு கிடையாது. பசித்தது, விழுங்கியது, அவ்வளவுதான். யுத்தத்துக்கு நான் கொடுக்கும் பணத்துக்கு நான் பொறுப்பு என்று 1963-ல் எழுதியவர், முந்தின வருஷம் யுத்தத்திலிருந்தே மனிதனைக் கழித்துவிட்டிருந்தார். இந்த இரண்டில் எது வில்ஸன் என்று கேட்டால், பிந்தியதையே நான் எடுத்துக்கொள்வேன். அதில் எழுவாய் இருக்கிறது.

6

பிறகு நடந்தது இவர்கள் யாரும் எதிர்பாராதது. கன்ஸர்வேடிவ்கள் ஜெயித்தார்கள்.

1973-ல் கட்டாய ராணுவ சேவை முடிந்தது. அதற்கு வாதாடிய குழுவிலும் மில்டன் ஃப்ரீட்மன் இருந்தார். டாஃப்ட் 1940-ல் கேட்டது கிடைத்துவிட்டது. வரியும் குறைந்தது. 2003 மார்ச்சில் இராக்குக்குப் படை போயிற்று. மே மாதம் வரிக் குறைப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. யுத்தம் தொடங்கினால் வரியை உயர்த்துவது என்ற பழைய வழக்கம் தலைகீழாயிற்று. பணம் கடனாக வந்தது. ஆள் சம்பளத்துக்கு வந்தான்.

டாஃப்டின் மூன்று பக்கங்களில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்தால் நேர்வது இதுதான். குறைந்த வரி என்பது அவருக்கு, செலவை நேருக்கு நேர் பார்ப்பதற்கான வழி. வாரிசுகளுக்கு அது செலவைப் பார்க்காமலிருப்பதற்கான வழியாயிற்று. 1943-ல் கொடுத்தவனின் எழுவாய் மறைந்தது. 1950-ல் தீர்மானித்தவனின் எழுவாய் மறைந்தது. 2003-ல் கொடுப்பவனே இன்னும் பிறக்கவில்லை. கடனை அடைக்கப் போகிறவன் அவன். சுதந்திரமும் பொறுப்பும் என்று சொல்லிக்கொண்டே இதைச் செய்தவர்களைப் பழமைவாதிகள் என்று அழைப்பது பழமைக்கு அநியாயம்.

இந்தப் பழைய கன்ஸர்வேடிவ் பார்வை முழுமையானது என்று நான் சொல்லவில்லை. அதன் ஓட்டையை ஸம்னரிடமே பார்த்தோம். என் பணம், என் பிள்ளை, என் குடியரசு என்ற மூன்று பத்திகளோடு அந்தப் பேரேடு முடிந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ்காரனும் கொரியனும் இராக்கியனும் எந்தப் பத்தியிலும் இல்லை. ஹிட்லரைப் போன்ற ஒருவன் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அதில் பக்கமில்லை. இருந்தும், மற்ற பேரேடுகளில் கொடுத்தவன் பெயர்கூட இல்லை என்னும்போது, இதை வீசி எறிய மனம் வரவில்லை.

கடைசியாக ஒருவர். வால்டர் ஜோன்ஸ் வட கரோலினாவிலிருந்து வந்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதி. 2002-ல் இராக் யுத்தத்துக்கு ஆதரவாக ஓட்டளித்தார். பிரான்ஸ் அந்த யுத்தத்தை எதிர்த்தபோது, பார்லிமெண்ட் உணவுவிடுதியில் பிரெஞ்சு என்ற பெயரிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சுதந்திர வறுவல் என்று பெயர் மாற்றியவர்களில் ஒருவர். 2003-ல் ஒரு சிப்பாயின் அடக்கச் சடங்குக்குப் போய் வந்த பிறகு அவர் மாறினார். தம் ஓட்டு தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். கட்சி அவரை ஒதுக்கியது. செத்த சிப்பாய்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 2019-ல் இறக்கும்வரை 11,000-க்கு மேற்பட்ட கடிதங்கள், ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்து. அதனால் யாரும் உயிரோடு வரவில்லை. இராக்கில் செத்தவர்களின் வீடுகளுக்கு அந்தக் கடிதங்கள் போகவும் இல்லை. ஆனால் அந்த யுத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட லட்சக்கணக்கான வாக்கியங்களுக்கு நடுவே, ‘செய்தேன்’ என்று முடிகிற சிலவற்றை அவர் எழுதினார்.